கரோல் ராமா: மறதியிலிருந்து மீண்ட ஓவியர்

ராமா என்ற பெயரைக் கண்டதும் நம் நாட்டவர் யாரோ என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இவர் இத்தாலி நாட்டுப் பெண்மணி. ராமா என்பது தந்தை வழி வந்த குடும்பப் பெயர். முழுப்பெயர் ஓல்கா கரோலினா ராமா. கலையுலகம் அவரைக் கரோல் ராமா என்று அறியும்.

இத்தாலிய ஓவியம் என்றவுடன் லியொனார்தோ தா வின்சியும் மைக்கலாஞ்சலோவுமே நம் நினைவுக்கு வருவர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெரியோரின் ஒளியில், இருபதாம் நூற்றாண்டு இத்தாலியில் வாழ்ந்த ஓவியர் பலர் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களுள்ளும் கரோல் ராமாவின் நிலை தனி. அவருடைய சொந்த நாடே பல்லாண்டுக் காலம் அவருடைய முதன்மையான ஓவியங்களைக் காணாமல் இருந்தது.

இந்த வரலாற்றில் மூன்று ஆண்டுகளை மனத்தில் கொள்ள வேண்டும். 1945-இல் அவருடைய ஓவியக் காட்சி மூடப்பட்டது. 1980-இல் அவ்வோவியங்கள் மிலான் நகரில் மக்கள் முன் வைக்கப்பட்டன. 2015-இல் அவர் மறைந்தார். முதலிரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே 35 ஆண்டுகள். பின்னிரண்டுக்கும் இடையே இன்னுமொரு 35 ஆண்டுகள். ஒரே வாழ்வில் சம அளவாக அமைந்த இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு கலைஞர் எவ்வாறு மறக்கப்படுகிறார், எவ்வாறு மீட்கப்படுகிறார், அம்மீட்பினால் விளைவது என்ன என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்.

டூரின் நகரத்துக் குடும்பம்

வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள டூரின் ஒரு தொழில் நகரம். ஃபியட் மோட்டார் நிறுவனம் 1899-இல் தோன்றியது அங்கேதான். அந்நகரில் 1918 ஏப்ரல் 17 அன்று கரோல் ராமா பிறந்தார். தந்தை அமாபிலே ராமா சிறு தொழிலதிபர். மோட்டார் வண்டிகளுக்கான உதிரி பாகங்களைச் செய்தார். சில காலம் சைக்கிள் தொழிலிலும் ஈடுபட்டார். குழந்தைப் பருவத்தில் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை.

அந்த வசதி நிலைக்கவில்லை. தந்தையின் தொழில் நொடித்தது. தாயார் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பதின்பருவத்துப் பெண்ணாகத் தாயைப் பார்க்க அங்கே சென்று வந்த கரோல், அங்கிருந்த பெண்களையும், கட்டில்களையும், அவர்களைக் கட்டிவைக்கும் வார்ப்பட்டைகளையும் கண்டார். 1942-இல் தந்தை இறந்தார். அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று கரோல் கூறி வந்தார்.

ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்து முடித்தவர் அல்லர் கரோல். பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். டூரினில் அன்று பெரும் புகழுடன் விளங்கிய ஓவியர் ஃபெலிச்சே கசோராத்தி இப்பெண்ணின் திறமையை உணர்ந்து ஊக்கமளித்தார். ஆயினும் அவருடைய பாணியைக் கரோல் பின்பற்றவில்லை. கசோராத்தியின் ஓவியங்களில் அமைதியும் அளவும் இருக்கும். கரோலின் தாள்களிலோ வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத செய்திகளெல்லாம் வெளிவந்தன.

இரண்டு ஓவியங்கள்

1936-இல், பதினெட்டு வயதில், 'பாட்டி கரோலினா' என்ற நீர்வண்ண ஓவியத்தை வரைந்தார். தாம் பெயர் பெற்ற பாட்டியின் உருவத்தை வரைந்து, கழுத்தில் அட்டைப்பூச்சிகளைத் தீட்டினார். கெட்ட இரத்தத்தை வெளியேற்ற அட்டை விடும் மருத்துவம் நம் நாட்டைப் போலவே ஐரோப்பாவிலும் இருந்தது. ஒரு வீட்டில் மூத்த பெண்ணின் நோயும் மருந்தும் அப்படியே படமாகியுள்ளன. பாட்டியை அழகுபடுத்தவும் இல்லை, ஏளனம் செய்யவும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் 'அப்பாசியோனாத்தா' என்ற தலைப்பில் சில ஓவியங்களைத் தீட்டினார். 'உள்ளம் கொழுந்துவிட்டவள்' என்று அச்சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். அவற்றுள் ஒன்றில் ஆடையற்ற ஒரு பெண் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறாள். அவளுக்கு மேலே கட்டில் சட்டங்களும் வார்ப்பட்டைகளும் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இவ்வரிசையில் வரும் பெண்கள் சிலருக்குக் கையோ காலோ இல்லை. ஆனால் தலையில் பூச்சூடியிருக்கிறார்கள். நாக்கை வெளியே நீட்டிப் பார்ப்போரை எதிர்கொள்கிறார்கள்.

இவ்வோவியங்களைக் காணும்போது முதலில் நமக்குக் கூச்சம் ஏற்படுவது இயல்பே. ஆனால் சற்று நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். கண்ணுக்கு இன்பம் தருவதற்காக வரையப்பட்ட உடல்கள் அல்ல அவை. கட்டுண்டவர்கள், ஊனமுற்றவர்கள், பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் உடல் உண்டு, ஆசை உண்டு, மானம் உண்டு என்று அந்த இளம்பெண் சொல்கிறார். மெல்லிய கோடு, வெளிறிய வண்ணம், பெரும்பாலும் வெறுமையாக விடப்பட்ட தாள். சொல்லும் பொருள் எவ்வளவு கடினமோ, வரையும் கை அவ்வளவு மென்மையானது. இந்த முரண்பாடே இவ்வோவியங்களின் வலிமை.

வரையப்பட்ட காலத்தையும் கருத வேண்டும். 1922 முதல் 1943 வரை இத்தாலியை ஆண்டவர் முசோலினி. நலமுள்ள உடலும் நிறையப் பிள்ளைகளும் உடைய தாய்தான் அவருடைய ஆட்சி போற்றிய பெண். அந்நாளில் ஒரு பெண், அதுவும் இருபது வயதைச் சுற்றிய ஒருவர், நோயுற்ற பெண்களின் உடலை வரைந்தது எத்தகைய துணிவு என்பதை விளக்க வேண்டியதில்லை.

1945: மூடப்பட்ட கதவு

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் டூரினில் இவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். ஆபாசம் என்ற குற்றச்சாட்டின் பேரில் காவல்துறை அக்காட்சியை மூடிவிட்டது என்று அவர் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர். சர்வாதிகாரம் வீழ்ந்த அதே ஆண்டில் இது நடந்தது என்பதை நோக்க வேண்டும். ஆட்சி மாறிவிட்டால் பார்வையும் உடனே மாறிவிடும் என்பதில்லை. அப்போது கரோலுக்கு வயது 27.

தொடர்ந்து வந்த 35 ஆண்டுகளில் அவர் சும்மா இருந்தவர் அல்லர். 1948-இல் புகழ்பெற்ற வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவில் அவர் ஓவியம் இடம்பெற்றது. 1950-களில், உருவங்களை அறவே விலக்கி, வடிவத்தையும் வண்ணத்தையும் மட்டுமே கொண்டு படம் அமைக்கும் ஓர் இயக்கத்தில் சேர்ந்தார். அது 1948-இல் மிலானில் தோன்றியது. தம்மிடம் பிறர் குறைகண்ட கட்டற்ற போக்குக்கு ஓர் ஒழுங்கைத் தேடியே அப்பக்கம் சென்றதாகப் பின்னாளில் விளக்கினார். முக்கோணங்களையும் கட்டங்களையும் எந்தக் காவலர் குற்றம் சொல்ல முடியும்?

1960-களில் மீண்டும் மாறினார். பொம்மைக் கண்கள், விலங்கு நகங்கள், பற்கள், ஊசி போடும் சிரிஞ்சுகள் முதலியவற்றை வண்ணக் கறைகளிடையே ஒட்டிப் படைத்தார். கையில் கிடைத்ததைக் கொண்டு ஒன்றை ஒப்பேற்றுவதைக் குறிக்கும் 'ப்ரிகோலாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லை அப்படைப்புகளுக்குச் சூட்டியவர் அவருடைய நண்பரும் கவிஞருமான எதோவார்தோ சங்குவினேத்தி.

1970-களில் சைக்கிள் டியூபுகள் வந்தன. பழைய ரப்பர் டியூபுகளை அறுத்துத் துணியில் ஒட்டினார். சிலவற்றை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டார். அவ்வாறு தொங்கும் 1970-ஆம் ஆண்டுப் படைப்பின் பெயர் 'பர்னாம் வன முன்னறிகுறிகள்'. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் பர்னாம் காடு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வியில்லை என்று மன்னனுக்குச் சொல்லப்படும். படைவீரர் மரக்கிளைகளை ஏந்தி வருவதால் காடே நடந்து வரும். நடக்க முடியாதது நடந்து அழிவு வருவதன் அடையாளம் அது. காற்றிழந்து தளர்ந்து தொங்கும் டியூபுகளைப் பார்க்கும்போது, நொடித்துப்போன தந்தையின் தொழிலும் முதுமையுறும் மனிதத் தோலும் ஒருங்கே நினைவுக்கு வரும். சொல்லாமலே குடும்பக் கதையைச் சொல்லிவிட்டார்.

மறதி எவ்வாறு நேர்ந்தது?

டூரினில் அவரை அறிந்த எழுத்தாளர்களும் கலைஞர்களும் பலர் இருந்தனர். அப்படியிருக்க, மறக்கப்பட்டவர் என்று ஏன் சொல்கிறோம்? ஆளை அறிந்திருந்தனர், அவருடைய இளமைக்காலப் படைப்பை நாடு அறியவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, தடை. ஒரு படம் மக்கள் கண்ணில் படாவிட்டால் அதைப் பற்றி யாரும் எழுத முடியாது. எழுதப்படாதது நூல்களில் ஏறாது. நூலில் இல்லாததை அடுத்த தலைமுறை தேடாது. ஒருநாள் மூடிய கதவின் விளைவு பல பத்தாண்டுகள் நீண்டது.

இரண்டாவது, கலை வரலாறு எழுதப்படும் முறை. அவ்வரலாறு ஓவியர்களை இயக்கம் இயக்கமாகப் பிரித்து வைக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை தம் முறையை மாற்றிக்கொண்டவரை எந்த அறையில் வைப்பது? இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1967-இல் ஜெர்மானோ செலாந்த் என்ற விமரிசகர், எளிய பொருள்களைக் கொண்டு படைக்கும் இத்தாலியக் கலைஞர்களுக்கு 'ஆர்த்தே போவெரா' என்று பெயரிட்டார். ஏழ்மைக் கலை என்பது பொருள். அவ்வியக்கத்தின் பெரிய மையம் டூரின். அதே டூரினில் கரோல் ராமா ரப்பர் டியூபைக் கையாண்டும் அப்பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மூன்றாவது, அவர் ஒரு பெண். ஆர்த்தே போவெரா குழுவில் இடம்பெற்ற பெண் மரீசா மெர்ஸ் ஒருவரே என்பதிலிருந்து அன்றைய நிலையை அறியலாம். பெண் வரைந்தால் பொழுதுபோக்கு என்றும், துணிந்து வரைந்தால் ஒழுக்கக்கேடு என்றும் கருதிய காலம் அது.

1980: மிலான் அரண்மனை

மீட்பின் கதை லேயா வெர்ஜினே என்ற பெண் விமரிசகரிடம் தொடங்குகிறது. நேப்பிள்ஸ் நகரில் 1936-இல் பிறந்து மிலானில் வாழ்ந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பியக் கலையைப் புரட்டிப்போட்ட இயக்கங்கள் எல்லாவற்றிலும் ஆண்களின் பெயர்களே சொல்லப்படுகின்றனவே, அவர்களோடு சேர்ந்து உழைத்த பெண்கள் எங்கே என்ற கேள்வியை அவர் எழுப்பினார். கேள்வியோடு நில்லாமல் தேடிப் புறப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பெண் கலைஞர்களின் படைப்புகளைத் திரட்டி, 1980-இல் மிலான் அரச மாளிகையில் பெரும் கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1910 முதல் 1940 வரையிலான புதுமைக் கலையின் 'மறுபாதி' என்று அதற்குப் பெயரிட்டார். அந்தச் சொல்லிலேயே வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏற்கெனவே முழுமை என்று நாம் எண்ணியிருந்தது பாதிதான் என்பது அதன் பொருள்.

அக்காட்சியில் கரோல் ராமாவின் இளமைக்கால நீர்வண்ண ஓவியங்கள் இடம்பெற்றன. இருபது வயதில் வரைந்தவற்றை நாடறியக் கண்டபோது அவருக்கு வயது 62.

அந்த அரச மாளிகைக்கு இத்தகைய பெருமை புதிதன்று. முந்நூறு ஆண்டுகள் பெரிதும் மதிப்பிழந்து கிடந்த கரவாஜ்ஜியோ என்ற மாபெரும் ஓவியரை, ராபர்த்தோ லாங்கி என்னும் அறிஞர் 1951-இல் கண்காட்சி வைத்து மக்களிடம் சேர்த்ததும் அதே கட்டடத்தில்தான். இரு மீட்புகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கரவாஜ்ஜியோ 1610-லேயே மறைந்துவிட்டார். தமக்கு வந்த பெருமையை அவர் அறியார். கரோல் ராமா உயிரோடு இருந்தார்.

இரண்டாவது முப்பத்தைந்து ஆண்டுகள்

இந்த வேறுபாடுதான் இக்கதையின் உயிர்நாடி. கரோல் ராமா தம் பழைய ஓவியங்கள் மதிக்கப்பட்டதைக் கண்டதோடு நின்றுவிடவில்லை. 1980-க்குப் பின் மீண்டும் உருவங்களை வரையத் தொடங்கினார். பூச்சூடிய பெண்கள், நாக்குகள், பாம்புகள், காலணிகள், விலங்குகள் என இளமையில் விட்டுவந்தவை யாவும் திரும்பி வந்தன. இம்முறை வெற்றுத் தாளில் அல்ல. பழைய கட்டடப் பொறியாளர்களின் வரைபடங்களையும் நில அளவைத் தாள்களையும் எடுத்து, அவற்றின் நேர்கோடுகளின் மீதே தம் உருவங்களை உலவவிட்டார்.

பெருமைகளும் வரிசையாக வந்தன. 1985-இல் லேயா வெர்ஜினே மிலானில் அவருக்கெனத் தனிக் கண்காட்சி அமைத்தார். 1993-இல் வெனிஸ் விழாவில் அவர் படைப்புகளுக்குத் தனி அறை தரப்பட்டது. 1998-இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்துக் காட்டியது. 2003-இல் வெனிஸ் விழாவின் வாழ்நாள் சாதனைக்கான 'தங்கச் சிங்கம்' விருது அவருக்கு வழங்கப்பட்டது. அப்போது வயது 85.

அந்த முதுமையிலும் அவர் பழம்பெருமை பேசி அமரவில்லை. ஐரோப்பாவை மாட்டு மூளைநோய் அச்சுறுத்திய நாளில், வெறிகொண்ட பசுவையே பொருளாகக் கொண்டு, தபால் மூட்டைத் துணியின் மீது ரப்பர் துண்டுகளை ஒட்டி ஓவிய வரிசை ஒன்றைப் படைத்தார். பாட்டியின் கழுத்தில் அட்டைகளை வரைந்த அதே கண், நோயுற்ற உடலை அருவருக்காமல் பார்க்கும் அதே கண், எண்பது வயதிலும் மங்கவில்லை.

2014-இல் பார்சிலோனா நகரின் தற்காலக் கலை அருங்காட்சியகம் தொடங்கிய பெருங் கண்காட்சி பாரிஸ், பின்லாந்து, டப்ளின் எனச் சுற்றி இறுதியில் டூரினுக்கே வந்தது. அதைத் தம் ஊரில் காண அவர் இல்லை. 2015 செப்டம்பரில், 97 வயதில், டூரினில் காலமானார். 2017-இல் நியூயார்க்கிலும் 2024-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் அவருக்குப் பெரிய கண்காட்சிகள் நடந்தன.

லேயா வெர்ஜினே 2020 அக்டோபரில் கொரோனா நோயால் மறைந்தார். அவருடைய கணவரும் புகழ்பெற்ற வடிவமைப்பாளருமான என்சோ மாரி மறைந்த மறுநாளே அது நிகழ்ந்தது.

இருள் சூழ்ந்த வீடு

டூரின் நகரில் நாப்பியோனே தெருவில் ஒரு மாடி வீடு. கரோல் ராமா சுமார் 70 ஆண்டுகள் வாழ்ந்ததும் வரைந்ததும் அங்கேதான். பகல் வெளிச்சம் நுழையாதபடி சன்னல்களைக் கருந்திரையிட்டு மூடியிருந்தார். பொம்மைக் கண்கள், டியூபுகள், காலணி அச்சுகள், நண்பர்கள் தந்த பரிசுகள் என அவர் சேர்த்தவை எல்லாம் வைத்தது வைத்தபடி காக்கப்பட்டுள்ளன. 2019 முதல் பார்வையாளர்கள் அவ்வீட்டைக் காண வழி செய்யப்பட்டது. எந்தப் பொருள் எந்தப் படத்திற்குள் சென்றது என்பதை ஆராய்வோருக்கு அவ்வீடு ஒரு நூலகம்.

நாம் கற்பது என்ன?

நல்ல கலை என்றேனும் ஒருநாள் தானே வெளிப்படும் என்று பலரும் நம்புகிறோம். கரோல் ராமாவின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. மூடிய கதவு தானாகத் திறக்கவில்லை. மூவகை உழைப்பு வேண்டியிருந்தது. தாள்கள் அழியாமல் காத்தவர்கள் இருந்தனர். இவை எங்கே என்று கேட்டுத் தேடிய ஒருவர் இருந்தார். தேடிக் கண்டதைப் பலரும் பார்க்கும்படி வைக்க ஒரு பொது இடம் இருந்தது. இம்மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவ்வாறு ஒன்று தவறியதால் பெயர் தெரியாமலே போனவர்கள் எத்தனை பேரோ!

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. கலைஞரை அவர் வாழும் காலத்திலேயே கண்டுகொள்வதன் பயன் மாலையும் மேடையும் மட்டுமன்று. 1980-இல் மிலானில் அந்தத் தாள்கள் மாட்டப்பட்டிராவிட்டால், அதற்குப் பின் வரைந்த ஓவியங்கள் அதே வடிவில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. மறைந்த பின் செய்யும் மரியாதை பழைய படைப்பைக் காக்கும்; உயிரோடு இருக்கையில் செய்யும் மரியாதை புதிய படைப்பையும் பெற்றுத் தரும்.

ஊர்விட்டு ஊர் வந்து, வேலை மாற்றலுக்கேற்ப வீடு மாறி மாறிக் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஒவ்வொரு முறை மூட்டை கட்டும்போதும் ஏதோ ஒன்று கழிக்கப்படுகிறது. அம்மாவின் கோல நோட்டும், அத்தை பின்னிய படமும், பாட்டி வரைந்த ஓவியமும்தான் பெரும்பாலும் முதலில் கழிவன. அவை அனைத்தும் அரிய கலை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எது அரியது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஒருவேளை இன்னும் பிறந்திருக்க மாட்டார். அவருக்காகப் படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். வரைந்தவர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அருகில் அமர்ந்து அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் அடுத்த படத்தைத் தொடங்கக்கூடும்.